எல்லாப் பந்திலும் மூன்று

அந்தக் குளத்தைப் பார்த்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கரையில் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த உறுப்பினர்களைப் பார்த்ததும் வந்தது உள்ளேயே போய்விட்டது. இவர்கள் முன்னால் எதற்கு முகம் சுளிக்க வேண்டும் என்ற வீம்பு.

கோல்ஃப் கிளப்பின் புல்லை மட்டும் சொல்ல வேண்டும். தினமும் குளிப்பாட்டி, தலை வாரி, பொட்டு ஒன்றுதான் வைக்கவில்லை. அந்தப் புல்லுக்கு நடுவே, சமையலறைச் சாக்கடையும் கழிப்பறைக் குழாயும் வந்து சேரும் பச்சைக் குழம்பாக அந்தக் குளம். அடிக்கத் தெரியாதவர்கள் அடிக்கும் பந்தெல்லாம் அதில்தான் விழும். ஒரு மனிதர் ஆறு வருடமாக அதற்குள் மூழ்கிப் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். உறுப்பினர்கள் அவருக்கு வைத்த பெயர் தவளை.

தவளைதான் இப்போது திருடன்.

காலையில் கிளப் செயலாளர் ஃபோனில் சொன்ன கதை இது. கிளப் கடையின் கிடங்கிலிருந்து பன்னிரண்டு பெட்டி புதுப் பந்து காணாமல் போயிருக்கிறது. பெட்டிக்குப் பன்னிரண்டு, ஆக நூற்று நாற்பத்து நான்கு. நேற்று அத்தனையும் பம்ப் அறையில், முக்குளிப்பவரின் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் கிடைத்தன. இன்று ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் அவர் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டால் வேலையை விட்டுத் துரத்துவதோடு சரி. இல்லாவிட்டால் போலீஸ். கமிட்டிக்குக் காட்ட வெளியாள் ஒருவரின் விசாரணை அறிக்கை வேண்டுமாம்.

"ஒரு பக்கம் போதும்மா," என்றார். "நீளமா எழுதி நேரத்த வீணாக்காதீங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. நாங்கள் என்றால் சின்னதாக ஒரு துப்பறியும் ஏஜென்சி நடத்தும் நானும் என் உதவியாளரும். இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, மேலதிகாரியின் மைத்துனனிடம் டிக்கெட் கேட்ட குற்றத்துக்காக வேலையை இழந்தவர். வயதில் எனக்கு அப்பா, வாயில் எனக்கு ஜென்மப் பகை. எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

"இறங்குற இடத்த அவங்களே முடிவு பண்ணிட்டாங்க மேடம்," என்றார் வாசலிலேயே. "டிக்கெட்ட மட்டும் நம்மளக் கிழிக்கச் சொல்றாங்க."

செயலாளரின் அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. மேஜையில் ஒரு சாப்பாட்டுப் பை. நீலக் கட்டம் போட்ட துணி, ஓரம் முழுக்கச் சிவப்பு நூலில் கைத்தையல். அவர் கண்டக்டருக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே ஒரு காகிதக் கைக்குட்டையால் துடைத்தார், விரல் விரலாக, எங்கள் கண்முன்னாலேயே. பிறகு என்னிடம் நான்கு பக்க வாக்குமூலம் ஒன்றை நீட்டினார். எறும்பு ஊர்ந்தது போல டைப் அடித்த பொடி எழுத்து. படித்துக் காட்டவெல்லாம் வேண்டாம், அவனுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும் என்றார்.

படிக்கத் தெரியாதவருக்கு எதற்கு நான்கு பக்கம்? எங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு காகிதம் இருக்கிறது. அதன் அடியில் என் அப்பாவின் கட்டைவிரல் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய, நான் பிறந்து வளர்ந்து பட்டம் வாங்க வேண்டியிருந்தது.

நடைபாதையில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் படித்தேன். முதல் மூன்று பக்கம் திருட்டு. நான்காவது பக்கத்தின் கடைசி வரி வேறு ராகம் பாடியது: "கடந்த பன்னிரண்டாம் தேதி நான் கேட்டிருந்த காது சிகிச்சைச் செலவையும் பணி ஆணையையும் இத்துடன் கைவிடுகிறேன்."

பந்து திருடியவனுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

பம்ப் அறையை வெளியே பூட்டியிருந்தார்கள். காவலாளி திறந்துவிட்டார். டீசல் நாற்றம், பாசி நாற்றம், அதற்கு மேல் சீழ் நாற்றம். முக்குளிப்பவருக்கு நாற்பது வயது இருக்கும். முழங்கைக்குக் கீழே தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. இடது காதில் பஞ்சு, பஞ்சில் மஞ்சள். நான் பேசும்போதெல்லாம் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொடுத்தார்.

அவர் சொன்னது சுருக்கம். பந்தை அவர் எடுக்கவில்லை. அறைக்கு இரண்டு சாவி, ஒன்று அவரிடம், இன்னொன்று செயலாளரிடம். நேற்று மதியம் தண்ணீருக்குள் இருந்தபோது யாரோ சாக்கை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் தேதி ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். கமிட்டிக்கு ஒரு மனு எழுதிச் செயலாளரிடம் கொடுத்தாராம். எழுதியது மனைவி. மனைவி ஆறாவது வரை படித்தவர்.

"மனுவுல என்ன எழுதியிருந்தீங்க?"

"நான் பண்றததான்மா. தெனம் நூறு பந்து எடுத்துக் கழுவிக் கடையில குடுக்கறேன், அந்தத் தண்ணியால காது போச்சு, வைத்தியம் பாத்துக் குடுங்க, வேலைக்கு ஒரு சீட்டுக் குடுங்கன்னு. வேற ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "வலது காதும் போயிட்டா தண்ணிக்குள்ள எந்தப் பக்கம் மேலன்னே தெரியாது. தலை சுத்துது. பெரிய ஆஸ்பத்திரில இந்த மாசத்துக்குள்ள பண்ணணும்னாங்க," என்றார்.

சாக்கு மூலையில் இருந்தது. பந்துகள் பளிச்சென்று வெள்ளை. பெரிய கம்பெனிப் பெயர், அதன் கீழே ஓர் எண். கண்டக்டர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். கள்ள நோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்த விரல் அது.

"பஸ் கம்பி மாதிரி இருக்கு மேடம்."

"அப்படின்னா?"

"வருஷா வருஷம் துருவுக்கு மேலயே பெயிண்ட் அடிப்பான். பாத்தா புதுசு, தொட்டா வழவழன்னு தடிப்பா இருக்கும்."

ஒரு பந்தை என் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினோம்.

வழியில் புல்தரையில் சண்டை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் சிமென்ட் வியாபாரி ஒருவரும் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவருமே கமிட்டி உறுப்பினர்கள் என்று காவலாளி காதைக் கடித்தார். தன்னுடையது மூன்றாம் எண் என்றார் நீதிபதி. தன்னுடையதும் மூன்றுதான் என்றார் சிமென்ட்காரர். தங்கள் பந்தில் பேனாவால் அடையாளம் போட இன்று இருவருமே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. முப்பது வருடம் அடுத்தவர் சொத்து யாருடையது என்று தீர்ப்பு எழுதிய மனிதர், எலுமிச்சம்பழ அளவுப் பந்துக்காகச் சிவந்துபோய் மூச்சு வாங்கினார். இருபது அடி தள்ளிப் பம்ப் அறையில் ஒருவரின் காது அழுகிக்கொண்டிருந்தது.

கடையில் ரூம் ஸ்ப்ரே நெடி மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் பெயிண்ட் தின்னர் நெடி. கண்டக்டர் புதிதாக ஆட வந்த ஆள் மாதிரி நின்று, கையைக் கடிக்காத பந்தாக ஒன்று வேண்டும் என்றார். கடைக்காரர் மலர்ந்தார். வாரக் கடைசியில் பொழுதுபோக்க ஆடுகிறவர்கள் எல்லோரும் இங்கே வாங்குவது இதைத்தான், பெரிய கம்பெனி, புத்தம் புதுசு, அட்டைப் பெட்டி இல்லாமல் வருவதால் பாதி விலை என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். மும்மூன்றாக பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்கள். கண்டக்டர் நான்கு உறைகளைப் புரட்டினார்.

"எல்லாம் மூணாம் நம்பராவே இருக்கே. வேற நம்பர் இல்லியா?"

"மூணு ராசியான நம்பர் சார்."

"நீங்க ஆடுவீங்களா?"

"எங்க சார் நேரம்? நான் இதுக்கு முன்னாடி செருப்புக் கடையில இருந்தேன்."

ஓர் உறை வாங்கினோம். வெளியே வந்ததும் கண்டக்டர் நின்றார். "கல்லாப் பக்கத்துல சாப்பாட்டுப் பை பாத்தீங்களா மேடம்? நீலக் கட்டம், செவப்பு நூல். செயலாளர் மேஜையில இருந்த அதே தையல். ரெண்டு டப்பாவும் ஒரே அடுப்புலேர்ந்து வருது."

ஒரே கடையில் வாங்கியிருக்கலாம் என்றேன்.

"கோணல் ஒரே மாதிரி கடையில விக்க மாட்டான். அது வீட்டுக் கோணல்."

பயிற்சித் திடலில் கோச் தனியாக இருந்தார். கிளப்பில் நான் பார்த்தவர்களில் வியர்வை நாறிய ஒரே ஆள், அதனாலேயே பிடித்துப்போனது. பந்து தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்டதும் சிரித்தார். தன்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள், மட்டையை மெதுவாகத்தான் வீசுவார்கள், அவர்களுக்கு உள்ளே ரப்பர், மேலே ஓடு என்று இரண்டே அடுக்குள்ள மலிவுப் பந்து தாராளம் என்றார். நேராகப் போகும், சீக்கிரம் வெட்டுப்படாது, தொலைந்தாலும் வயிறு எரியாது.

"அஞ்சு அடுக்குப் பந்து வாங்கி என்ன பண்ண? அது அஞ்சு அடுக்குன்னு குளத்துக்குத் தெரியுமா?"

ஆறேழு மாதமாகத்தான் ஒரு புகார் என்றார். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து போக மாட்டேன் என்கிறதாம். அவர் ஆடுகிறவர்களின் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாத்தியிருந்த வாடகை மட்டைகளைப் பார்த்தேன். அடிக்கும் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது, பொடுகு மாதிரி. புதுப் பந்துக்குப் பொடுகு வராது.

கோச்சின் பையிலிருந்து ஒரு பந்தும், கடையில் வாங்கிய ஒன்றும், சாக்கிலிருந்து எடுத்ததும் வாங்கி, தலை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டேன். கோச்சின் பந்து என் நெஞ்சுக்கு எழும்பியது. மற்ற இரண்டும் முழங்காலுக்கு மேல் வர மறுத்தன.

"தண்ணியில மாசக்கணக்கா ஊறினா இப்படித்தான் செத்துப்போகும்," என்றார் கோச், குரல் மாறி.

அப்போதுதான் அந்த எண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் தன் பையிலிருந்து பிரிக்காத ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். சாக்கிலிருந்த பந்தில் அச்சடித்திருந்த அதே கம்பெனி. பெட்டிக்குள் நான்கு சின்ன அட்டைக் கூடு, கூட்டுக்கு மூன்று பந்து. முதல் கூட்டில் ஒன்றாம் எண், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, கடைசியில் நான்கு. நான்கு பேர் சேர்ந்து ஆடும்போது யாருடையது எது என்று அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

கண்டக்டர் திரும்பிப் புல்தரையைப் பார்த்தார். நீதிபதியும் சிமென்ட்காரரும் இன்னும் அங்கேதான் நின்றார்கள்.

"நம்பர் குத்துற அச்சுக்கட்டை ஒண்ணுதான் வாங்கியிருக்கான் மேடம்," என்றார். "நாலு வாங்கினா செலவாகுமே."

ஐந்து மணிக்குக் கமிட்டி அறையில் ஐந்து பேர். நடுவில் நீதிபதி, அவர்தான் தலைவர். பக்கத்தில் சிமென்ட்காரர். சாட்சிக்கு என்று கடைக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். முக்குளிப்பவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் கதவோரம் நின்றார். கம்பளத்தில் கால் படக் கூடாது என்று செய்தித்தாள் விரித்து அதன்மேல் நிற்க வைத்திருந்தார்கள். அந்தச் செய்தித்தாளைப் பார்த்தபோது, அதுவரை கொஞ்சம் நாசூக்காகப் பேசலாம் என்று வைத்திருந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

செயலாளரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். சாக்கில் இருந்தவை கிடங்கிலிருந்த புதுப் பெட்டிகளிலிருந்து எடுத்தவைதானா? சந்தேகமே இல்லை என்றார். குளத்திலிருந்து எடுக்கும் பந்துகள் எங்கே போகின்றன? குப்பைக்கு என்றார். உறுப்பினர்களின் ஆரோக்கியம் முக்கியம் அல்லவா என்று சேர்த்துக்கொண்டார்.

சாக்கை மேஜைமேல் கவிழ்த்தேன். பந்துகள் காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே உருண்டன.

"நீதிபதி ஐயா, புதுப் பெட்டி பன்னெண்டு. அதுல மூணாம் நம்பர் எத்தன இருக்கணும்?"

"முப்பத்தாறு," என்றார். ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை. இன்னும் ஐந்தாறை. அவர் முகத்தில் மத்தியானச் சண்டை திரும்பி வந்தது.

"நூத்து நாப்பத்து நாலும் மூணுதாங்க," என்றார் கண்டக்டர். "ஒக்காந்து எண்ணிட்டோம். வேல இல்லாதவங்க நாங்க."

அவர் நகவெட்டியின் கத்தியை விரித்து ஒரு பந்தைச் சுரண்ட ஆரம்பித்தார். பெயிண்ட் ஏடு ஏடாக வந்தது. அடியில் பழுப்பு. மூன்றாவது பந்தில், பழுப்புக்கு நடுவே ஊதா மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பெருக்கல் குறி.

நீதிபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "இது என் அடையாளம். போன மழையில குளத்துல போன பந்து இது."

 பிறகு செயலாளர் எழுந்தார். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கட்சி மாறினார். கடைக்காரரை நோக்கி விரலை நீட்டி, இந்த அயோக்கியன் கிளப்பையே ஏமாற்றியிருக்கிறான், சாக்கடைப் பந்துக்குச் சாயம் அடித்து நம் தலையில் கட்டியிருக்கிறான், மாட்டிக்கொள்வோம் என்று இந்த அப்பாவிமேல் பழி போட்டிருக்கிறான் என்று பொரிந்தார். அப்பாவி என்று சொல்லும்போது குரல்கூடக் கம்மியது. காலையிலிருந்து தவளையாக இருந்தவர் ஐந்தே காலுக்கு அப்பாவி ஆகிவிட்டார்.

கமிட்டி தலையாட்டியது. கதை அங்கேயே முடிந்திருக்கும். கடைக்காரரின் வாய்தான் முடிய விடவில்லை.

"அத்தான்," என்றார், அழுகிற குரலில். "என்ன மட்டும் மாட்டிவிடுறீங்க? புதுப் பந்தாவே வைங்கன்னு நான் சொன்னேனா இல்லியா? நஷ்டம் நஷ்டம்னு நீங்கதான இதையே போதும்னீங்க? அசல் பெட்டி பன்னெண்டும் உங்க லாக்கர்லதான இருக்கு?"

கண்டக்டர் என் பக்கம் குனிந்தார். "கோணல் தையல், மேடம்."

செயலாளரின் மனைவியுடன் பிறந்தவர்தான் கடைக்காரர். ஒரு மனிதரைத் திருடனாக்கக் கிளம்பியவருக்கு, அதற்கும் மலிவான சரக்குதான் கை வந்தது. உண்மையான பந்தை வைத்திருந்தால் நாங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது. மனசு வரவில்லை அவருக்கு.

காரணத்தையும் சொன்னேன். முக்குளிப்பவரின் மனுவில், எடுத்த பந்தையெல்லாம் கடையில் கொடுக்கிறேன் என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர்களுக்கு அது வெறும் வேலை விவரம். கமிட்டி படித்தால் முழு வியாபாரமும் வெளியே வந்துவிடும். அப்படி மனுவே வரவில்லை என்றார் செயலாளர். நான் நான்காவது பக்கத்தின் கடைசி வரியை உரக்கப் படித்தேன்.

"வராத மனுவோட தேதி உங்க டைப்பிங்குக்கு எப்படி சார் வந்துச்சு?"

அவர் உட்கார்ந்தார். என்னைப் பார்த்த பார்வையில் விஷம் இருந்தது. ஊரில் எத்தனையோ பெரிய ஏஜென்சிகள் இருந்தன என்று முணுமுணுத்தார்.

"பழக்கதோஷம் சார்," என்றார் கண்டக்டர். "பந்தும் மலிவா எடுத்தீங்க, ஆளும் மலிவா எடுத்தீங்க."

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் அந்தக் கிளப்பைக் கொஞ்சம் மன்னிக்கத் தோன்றியிருக்கும். முடியவில்லை. முதலில் வாய் திறந்தவர் சிமென்ட்காரர். அப்படியென்றால் ஆறு மாதமாகத் தான் தோற்றதெல்லாம் செத்த பந்தால்தானே, அந்த ஆட்டங்களையெல்லாம் கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றார். இன்னொருவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். சாக்கடையில் கிடந்ததைத் தொட்டுவிட்டுச் சாண்ட்விச் சாப்பிட்டிருக்கிறோமே என்று அருவருத்தார். கால் மணி நேரம் இதே பேச்சு. அந்தச் சாக்கடைக்குள் தினமும் தலையோடு முழுகிய ஆள் ஆறடி தள்ளிச் செய்தித்தாளின்மேல் நின்றுகொண்டிருந்தார். ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 

கடைசியில் நீதிபதிக்கு நினைவு வந்தது. விஷயம் வெளியே போக வேண்டாம், கிளப்பின் மானம் இருக்கிறது என்று எனக்கு ஒரு புத்திமதி. பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"நடந்தத மனசுல வச்சுக்காதப்பா. நாளைக்கே வேலைக்கு வந்துடு. ஒன் காதையும் கிளப் பாத்துக்கும்."

முக்குளிப்பவர் தலையைத் திருப்பினார். இந்த முறை வலது காதைக் கொடுக்கவில்லை. பஞ்சு வைத்த இடது காதை நீதிபதியின் நேருக்கு வைத்துக்கொண்டு நின்றார்.

"கேக்கலீங்க," என்றார்.

நீதிபதி குரலை உயர்த்தித் திரும்பச் சொன்னார்.

"கேக்கலீங்க. எழுதிக் குடுத்தா வீட்ல படிப்பாங்க."

 நான் வாக்குமூலத்தின் நான்காவது பக்கத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி நீதிபதியின் முன்னால் வைத்தேன். பேனாவையும் திறந்து வைத்தேன். கமிட்டி என்னைப் பார்த்தது. என் கையில் நான் எழுதிய அறிக்கை இருந்தது. கேட்டபடி ஒரே பக்கம், இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு. இன்னொன்று போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நீதிபதி எழுதினார். பெரிய ஆஸ்பத்திரியில் காது சிகிச்சை, இந்த மாதமே, முழுச் செலவும் கிளப்புடையது. நிரந்தரப் பணி ஆணை, தண்ணீருக்கு வெளியே. ஒவ்வொரு வரியையும் நான் முக்குளிப்பவரின் வலது காதருகே போய்ப் படித்துக் காட்டினேன். தண்ணீருக்கு வெளியே என்ற இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் கையெழுத்துக்கும் பேனாவை நீட்டினார்கள். வீட்டுக்காரி படித்துப் பார்த்த பிறகு போடுகிறேன் என்று மறுத்துவிட்டார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். தண்ணீருக்குப் போகும்போது தீப்பெட்டி நனையாமல் வைக்கும் உறை. தீப்பெட்டியைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, காகிதத்தை அதற்குள் மடித்து வைத்தார்.

செய்தித்தாளைவிட்டு இறங்கி, பாசி படிந்த வெறுங்காலோடு, கம்பளத்தின் நட்டநடுவே நடந்து வெளியே வந்தார்.

வாசல் படியில் ஓர் ஆட்டக்காரர் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. இப்போதுதான் தன்னுடைய பந்து குளத்தில் போய்விட்டது, இருட்டுவதற்குள் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

முக்குளிப்பவர் இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, நிற்காமல் நடந்தார்.